மனிதக் கை படாத நூலகம்

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது, பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது, அதற்குப் பிறகு சொல்லிக்கொள்ளும்படியாக எதுவும் நடக்கவில்லை, இப்போதுதான் நடக்கப்போகிறது என்று கல்லூரி நூலகர் தன் ஊழியர்களைக் கூட்டி வைத்து அறிவித்தார்.

"உலகத்துலயே மனுஷக் கை படாம நடக்கப்போற முதல் நூலகம் இதுதான். எழுதி வெச்சுக்குங்க."

அவர் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலே மின்விசிறி நின்றுபோனது. வாசல் காவலர் எழுந்தார். அதற்கென்றே மூலையில் சாத்தி வைத்திருந்த ஒட்டடைக் கம்பை எடுத்து இறக்கையை ஒரு தள்ளு தள்ளினார். அது முனகிக்கொண்டே சுற்றத் தொடங்கியது. நூலகர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

அவருக்கு ஊழியர்கள் வைத்திருந்த பெயர் ரெடி சார். எதைக் கேட்டாலும் ரெடி என்பார். கூரை ஒழுகுகிறதே, மழை வந்தால் என்ன செய்வது? ரெடி. பரீட்சை நேரத்தில் உட்கார நாற்காலி போதவில்லையே? ரெடி. ரெடி என்றால் காரியம் முடிந்துவிட்டது என்று பொருளல்ல. இனி அதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது என்று பொருள்.

வரப்போகிற விஷயம் இதுதான். ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் தபால்தலை மாதிரி ஒரு சிப் ஒட்டப்படும். வாசலில் இரண்டு தூண்கள் நிற்கும். இரவல் பதிவு செய்யாமல் யாராவது புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அவற்றின் நடுவே போனால், தூண் தானாகவே புத்தகத்தை அடையாளம் கண்டு 'பீப்' என்று கத்தும். பதிவு செய்த புத்தகமென்றால் கம்மென்று இருக்கும். அவ்வளவுதான். ஆனால் ரெடி சார் இதைச் சொல்லும்போது கேட்பவர்களுக்கு விண்கலம் ஒன்று வாசலில் வந்து இறங்கப்போகிறது என்றே தோன்றும்.

சொல்லி முடித்ததும் வழக்கம்போல மருத்துவக் கல்லூரிக் கதைக்கு வந்தார். அதை அவர் சொல்லாத கூட்டம் இல்லை. ஊரின் மறுகோடியில் இருந்த மருத்துவக் கல்லூரி நூலகத்தில் முன்பே இப்படித் தூண் வைத்திருந்தார்கள். ஒருநாள் அது ஊமையாகிப்போனது. அன்றைக்குப் பார்த்து மேலிடத்திலிருந்து யாரோ வந்து நிற்க, அங்கிருந்த காவலாளி சமயோசிதமாகத் தூணுக்குப் பின்னால் நின்று வாயாலேயே கத்திவிட்டானாம்.

"எப்படித் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு ரெடி சார் எழுந்து கதவுக்குப் பின்னால் பதுங்கினார். கழுத்தை மட்டும் ஆமை மாதிரி நீட்டி, கண்ணை உருட்டி, "பீப்" என்றார். "அது ஒரு நூலகம். அவர் ஒரு நூலகர். என்னோட படிச்சவர்தான், சொன்னா வெட்கக்கேடு. நானா இருந்தா அன்னிக்கே வேலைய எழுதிக் குடுத்துட்டுப் போயிருப்பேன்."

இரவல் மேசை அக்கா மரியாதைக்குச் சிரித்தார். கதையைக் காதில் வாங்காமலேயே சரியான இடத்தில் சிரிக்கும் அளவுக்கு அவர் தேறியிருந்தார்.

*

ரெடி சார் இவ்வளவு துடித்ததற்குக் காரணம் அறிவியல் அல்ல, மைத்துனர்.

அவருடைய மனைவியின் தம்பி அதே கல்லூரியில் கணினித் துறைத் தலைவராக இருந்தார். வயதில் சின்னவர். அக்கா கல்யாணத்தில் மாப்பிள்ளையின் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடியவர். இப்போது அவர் கையில் கல்லூரியின் எல்லா ஒயர்களும் இருந்தன. புதிய தொழில்நுட்பத்துக்கு நூலகம் தயாராக இருக்கிறதா என்று வெளியிலிருந்து ஒரு மதிப்பீட்டாளர் வந்து பார்ப்பார், தயார் என்றால் நூலகம் தன் காலிலேயே நிற்கலாம், இல்லையென்றால் கணினித் துறையின் கீழ் போய்விடும் என்று முதல்வர் சொல்லிவிட்டார். கீழே போய்விட்டால் நூலகரின் தனி அறையும், அதிலிருந்த உயரமான முதுகு வைத்த சுழல் நாற்காலியும் போகும். அவருக்குக் கணினி அறையின் ஓரத்தில், ஏசி சொட்டுகிற இடத்தில், ஒரு மேசை போடுவார்கள். மூச்சுவிடுவதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் மைத்துனரின் கையெழுத்து வேண்டும்.

வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"என் தம்பிகிட்ட லீவு கேக்கறதுல உங்களுக்கு என்ன கொறைஞ்சு போகுது? கேட்டா குடுப்பான்."

"குடுப்பான்ங்கறதுதான் என் கவலையே."

"குடுக்கலன்னாதானே கவலைப்படணும்?"

"நீ பாத்ததில்ல. அவன் குடுக்கும்போது மூஞ்சி எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது."

"எனக்கா தெரியாது? கூடப் பொறந்தவ. சின்ன வயசுல அவன் பென்சில் குடுத்தாலே எனக்கு எழுதறதே வெறுத்துப்போகும்." மனைவி ஒரு சட்டையை உதறினார். "சரி, உங்க நூலகம் தயாரா இருக்கா இல்லையா?"

"ரெடி," என்றார் ரெடி சார்.

மனைவி அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுத்த சட்டையை எடுத்தார். குளியலறைக் குழாய்க்கும் அவர் இதே சொல்லைத்தான் சொல்லியிருந்தார். அது இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தது.

*

மதிப்பீட்டாளர் ஒரு முறை முன்னோட்டமாக வந்து போனார். நடுத்தர வயது அம்மையார். எதையும் தொட்டுப் பார்க்கும் பழக்கமுள்ளவர். தலைமையின் ஈடுபாடு, கட்டமைப்பு, ஊழியர்களின் மனநிலை என்று மூன்று பக்கமிருந்தும் ஆராயப்போவதாகச் சொன்னார். கூடவே வந்திருந்த மைத்துனர், "மனநிலைதான் முக்கியம் மேடம். மெஷின் யார் வேணா வாங்கிடலாம்" என்று ஒத்து ஊதினார். பலர் முன்னால் அவர் அக்கா புருஷனை 'சார்' என்றுதான் கூப்பிடுவார். அந்த 'சார்' ரெடி சாருக்குச் செருப்பில் சிக்கிய சிறு கல் மாதிரி இருக்கும்.

தேநீர் வந்தது. ரெடி சார் மருத்துவக் கல்லூரிக் கதையை எடுத்தார். கதவுக்குப் பின்னால் பதுங்கினார். கழுத்தை நீட்டினார். பீப் என்றார். அம்மையார் தேநீர் புரையேறும் வரை சிரித்தார். மைத்துனர் கடைசியாகச் சிரிக்கத் தொடங்கிக் கடைசியாக முடித்தார்.

அவர்கள் போனதும் ஊழியர்களின் மனநிலையைத் தயார் செய்யும் வேலை தொடங்கியது.

"மாற்றத்தை எதிர்க்கறீங்களான்னு அந்தம்மா கேப்பாங்க. என்ன சொல்வீங்க?"

"எதை மாத்தப்போறாங்கன்னு சொன்னா, எதிர்க்கலாமா வேண்டாமான்னு சொல்லலாம் சார்," என்றார் வாசல் காவலர். பதிவு செய்யாத புத்தகத்தைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு மாணவர்கள் போவதை வாசலில் உட்கார்ந்து பார்ப்பது அவருடைய பணி. பார்ப்பார். எழுந்திருக்க மாட்டார். முழங்கால் வலி.

"எதிர்க்கலைன்னு சொல்லணும்."

"எதிர்க்கலை."

"முகத்தைச் சிரிச்ச மாதிரி வெச்சுக்கிட்டுச் சொல்லுங்க."

காவலர் சிரித்தார். ரெடி சார் கொஞ்ச நேரம் அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு, சிரிக்காமல் சொன்னாலே போதும் என்றார்.

"அக்கா, நீங்க?"

"நான் எதையும் எதிர்த்ததில்ல சார். நீங்க சொன்னதை அப்படியே செய்வேன். சர்வீஸ் பூரா அப்படித்தான்."

ரெடி சாருக்கு நெஞ்சு நிறைந்தது. இதுதான் தயார் நிலை என்று நினைத்துக்கொண்டார். அக்கா சொன்னதில் பொய்யும் இல்லை. அதுதான் பின்னால் வினையாயிற்று.

சிப் மூட்டைகளும் தூண்களும் வந்து இறங்கின. விற்றவர்கள் தூண்களை நட்டுவிட்டு, கூடவே கொண்டுவந்திருந்த மாதிரிப் புத்தகம் ஒன்றை நடுவே நீட்டிக் காட்டினார்கள். தூண் சிவப்பு விளக்கு சிமிட்டி, காது கிழியக் கத்தியது. வாசிப்பு மேசையில் தூங்கிக்கொண்டிருந்த ஆராய்ச்சி மாணவர் ஒருவர் எழுந்து, மணி அடித்துவிட்டதென்று வீட்டுக்குப் போய்விட்டார். ரெடி சார் கைதட்டினார். மாதிரிப் புத்தகம் வேலை செய்கிறது, ஆகவே எல்லாப் புத்தகமும் வேலை செய்யும் என்பது அவருடைய முடிவு. ஒட்டும் வேலையை அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு, திறப்பு விழா உரைக்கு நெருப்பு, சக்கரம் இரண்டோடு அச்சு இயந்திரத்தையும் சேர்க்கலாமா என்று யோசிக்க அறைக்குள் போனார்.

*

மதிப்பீட்டு நாள் காலை. அம்மையாரும் மைத்துனரும் முதல்வர் அறையில் உட்கார்ந்திருந்தார்கள், தேநீர் முடிந்ததும் வந்துவிடுவார்கள். நூலகத்தில் தரை பளபளத்தது. காவலர் சவரம் செய்திருந்தார். அலமாரியை அடைத்துக்கொண்டிருந்த பழைய அகராதிகளை அள்ளிக்கொண்டு வெளியே போனார் அவர். போய்விட்டுக் காலி கையோடு வந்தார்.

"என்ன, தூண் கத்தலையே?" என்றார் ரெடி சார்.

"நான் ஸ்டாஃபுதானே சார். தெரிஞ்சிருக்கும்."

ரெடி சார் அலமாரிக்கு ஓடினார். கைக்குக் கிடைத்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவரே தூண்களுக்கு நடுவே நடந்தார். அமைதி. வேறொன்றை எடுத்தார். அமைதி. மாதிரிப் புத்தகத்தைத் தேடினார். அதை விற்றவர்கள் அப்போதே திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். கடைசியில் ஒரு மூட்டை புத்தகத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூண்களுக்கு இடையே முன்னும் பின்னும் நடந்தார். புதுப் பெண்ணை முதன்முதலாகப் பேச வைக்க முயலும் மாப்பிள்ளை மாதிரி இருந்தது. தூண் வாய் திறக்கவில்லை.

அட்டையைத் திறந்து சிப்பைப் பார்த்தார். வெள்ளைத் தாள், அதில் வளைய வளையமாகச் செம்புக் கம்பி, நடுவில் கறுப்பாக ஒரு பொட்டு. பொட்டின் மேல், வட்டமாக, அழகாக, எழுத்தெல்லாம் புடைத்து நிற்கும்படி கல்லூரி முத்திரை அழுந்தியிருந்தது. மை முத்திரை அல்ல. கைப்பிடியை இரண்டு கையாலும் அழுத்தினால் தாளையே நெளித்துவிடும் இரும்பு முத்திரை.

"அக்கா, இது யார் குத்தினது?"

"நான்தான் சார்." அக்காவின் குரலில் பாராட்டை எதிர்பார்க்கும் அடக்கம் இருந்தது. "ஒண்ணு விடாம குத்திட்டேன். தோள்பட்டையே எறங்கிப்போச்சு."

"எதுக்குக் குத்தினீங்க?"

அக்கா சுவரைக் காட்டினார். அங்கே ரெடி சார் பதவிக்கு வந்த புதிதில், தன் கையெழுத்தோடு மாட்டிய சுற்றறிக்கை கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. முத்திரை விழாத எந்தப் பொருளும் இந்நூலகத்தில் இருத்தலாகாது. அதன் பயனாக அங்கே நாற்காலிக்கு முத்திரை இருந்தது. குப்பைக்கூடைக்கு இருந்தது. ஒட்டடைக் கம்புக்கும் இருந்தது.

"அது சரி, ஓரத்துல எங்கயாவது குத்தியிருக்கக் கூடாதா? இந்தக் கறுப்புப் பொட்டு மேலயேவா?"

"முத்திரை நேரா விழணும்னு கம்பெனிக்காரங்களே நடுவுல அடையாளம் போட்டுக் குடுத்திருக்காங்க சார். எவ்வளவு அக்கறையா செஞ்சிருக்காங்கன்னு நெனச்சேன். மொதல்ல ஒண்ணு ரெண்டு கொஞ்சம் வெலகிப்போச்சு. அதையும் விடல. மறுபடி வெச்சு நடுவுல குத்திட்டேன்."

அந்தப் பொட்டுதான் சிப்பின் மூளை. நூலகத்திலிருந்த ஒவ்வொரு மூளையும் கல்லூரிச் சொத்து என்று உறுதி செய்யப்பட்டு நசுங்கிக் கிடந்தது. அக்காவைத் திட்ட ரெடி சார் வாயைத் திறந்தார். சுவரில் தன் கையெழுத்தைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

"வர்றாங்க சார்," என்றார் காவலர். பிறகு, ஆறுதல் சொல்கிற பாவனையில், "அந்த மருத்துவக் கல்லூரிக் கதையைச் சொல்லிச் சமாளிச்சுடுங்களேன். அந்தம்மா நல்லா சிரிச்சாங்க" என்றார்.

*

அம்மையார் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நூலகம் ஒரே குரலில் பதில் சொன்னது. அக்கா எதிர்க்கவில்லை. காவலர் எதிர்க்கவில்லை. மின்விசிறிகூட அன்றைக்கு நிற்கவில்லை. ரெடி சாரின் சட்டை மட்டும் முதுகோடு ஒட்டியிருந்தது. வெளிப்பக்கமாக, வராந்தாத் தூணில் சாய்ந்தபடி மைத்துனர் நின்றுகொண்டிருந்தார். அவர் கண்கள் அறைக்குள் இருந்த உயரமான முதுகு வைத்த நாற்காலியை அளவெடுத்துக்கொண்டிருந்தன.

"சரி, வாசலைப் பாத்துடலாம்," என்றார் அம்மையார். ரெடி சார் முந்திக்கொண்டு ஒரு புத்தகத்தை நீட்டினார். அம்மையார் அதை வாங்கிக்கொள்ளவில்லை. தானே அலமாரிக்குப் போய், தொட்டுத் தடவி, ஒன்றை உருவி எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசலைப் பார்த்து நடக்கத் தொடங்கினார்.

அவர் நடந்த அந்தத் தூரத்தில் ரெடி சார் நிறைய விஷயங்களைப் பார்த்தார். ஏசி சொட்டுகிற மேசையைப் பார்த்தார். விடுப்பு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுகிற மைத்துனரின் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் கால்கள் தன்னைக் கேட்காமலேயே வேகமாக நடப்பதைப் பார்த்தார். அம்மையாருக்கு வழிவிடுகிறவர் போலத் தூணுக்குப் பக்கத்தில் போய் நின்றார். சளி பிடித்தவர் மாதிரி கைக்குட்டையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

அம்மையார் தூண்களுக்கு நடுவே கால் வைத்தார்.

"பீப்."

அம்மையார் நின்றார். காலைப் பின்னால் எடுத்தார். அமைதி. மறுபடி வைத்தார்.

"பீப்."

புத்தகத்தை மட்டும் கை நீட்டி நுழைத்தார். கைக்குட்டை அசைந்தது. பீப். புத்தகத்தைக் காவலரிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு போனார். தூண் கண்ணியமாக மௌனம் காத்தது.

"ரொம்ப நல்லா இருக்கே. மத்த எடத்துல எல்லாம் காது செவிடாகும். இதுல ஒரு பக்குவம் இருக்கு. ஒரு மரியாதை இருக்கு. எந்தத் தயாரிப்பு?"

கைக்குட்டையை எடுக்காமல் ரெடி சார் சொன்னார். "உள்நாட்டுதான் மேடம்."

அப்போது மைத்துனர் சாய்ந்திருந்த வராந்தாத் தூணை விட்டு நகர்ந்தார். உள்ளே வந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். இரவல் மேசை அக்காவிடம் பதிவு செய்யவில்லை. அக்கா எதிர்க்கவுமில்லை. நேராக வாசலுக்கு வந்து, இரண்டு தூண்களுக்கும் நட்ட நடுவில் நின்று, அக்கா புருஷனின் கண்ணைப் பார்த்தார். பக்கத்து அலமாரியை அம்மையார் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரெடி சார் அவரைப் பார்த்தார். கல்யாணத்தில் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடியவனின் முகம் அப்படியே இருந்தது.

"பீப்," என்றார் ரெடி சார்.

மைத்துனர் ஓரடி பின்னால் போனார். ஓரடி முன்னால் வந்தார்.

"பீப்."

"அத்தான்," என்றார் மைத்துனர், உதடு அசையாமல். கல்லூரிக்குள் அவர் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "வெளக்கு எரியலையே."

"அதுக்கு நான் என்ன பண்றது?"

"எத்தனை சிப் போச்சு?"

"எல்லாம்."

மைத்துனர் கொஞ்ச நேரம் யோசித்தார். காட்டிக்கொடுத்தால் நூலகம் இன்றே தன் துறைக்கு வந்துவிடும். நாற்காலியும் வரும். கூடவே செத்துப்போன சிப்கள் அத்தனையும் வரும், அவற்றுக்குப் பதில் சொல்லும் பொறுப்பும் வரும். சொல்லும் வரைக்கும் இந்த வாசலில் நின்று கத்த ஓர் ஆளையும் அவரே தேட வேண்டியிருக்கும். அவர் கணினி படித்தவர். கணக்கு சட்டென்று வந்துவிட்டது.

"மேடம்," என்று குரலை உயர்த்தினார். "பிரமாதமா வேலை செய்யுது. இதை நாங்க எடுத்து நடத்தறதுங்கறது சாருக்குச் செய்யற அவமரியாதை."

*

நூலகம் தயார் என்று முடிவு வந்தது. தலைமையின் ஈடுபாட்டுக்கு முழு மதிப்பெண். கருவி குறையில்லாமல் இயங்குவதாக எழுத்திலேயே வந்துவிட்டதால், வேறு சிப் வாங்கித் தாருங்கள் என்று கேட்கவும் வழியில்லாமல் போனது. ரெடி சாருக்கு நாற்காலி தப்பியது. ஆனால் அது இப்போது அறைக்குள் இல்லை. வாசலில், இடது பக்கத் தூணை ஒட்டிப் போடப்பட்டிருக்கிறது. உயரமான முதுகு வைத்தது என்பதால் தூணுக்குப் பின்னால் உட்காருகிறவரின் முகம் அவ்வளவாகத் தெரியாது. காலையில் வந்து உட்கார்ந்து செய்தித்தாளைப் பிரித்தால் பூட்டுகிற நேரம் வரை அசைவதில்லை. பதிவு செய்த புத்தகம் வெளியே வரும்போது அக்கா ஒருமுறை இருமுவார். இருமல் கேட்டால் தூண் பேசாமல் இருக்கும். அக்காவுக்கு உண்மையிலேயே சளி பிடித்த வாரத்தில் யார் யாரோ எதையெதையோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

காவலருக்கு வாசலைப் பார்க்கும் வேலை இல்லாமல் போயிற்று. எதிர்க்கவில்லை. முழங்காலுக்கு நல்லது என்றார்.

இந்த அதிசயத்தைக் கேள்விப்பட்டு ஒருநாள் மருத்துவக் கல்லூரி நூலகர் பார்க்க வந்தார். எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டுத் தன் பழைய வகுப்புத் தோழரின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்களோடது இன்னும் மக்கர் பண்ணுதுப்பா. உன்னோடதை எப்படிப் பராமரிக்கிறே?" என்று கேட்டார்.

"சூடா தேன் கலந்த தண்ணி," என்று காவலர் தொடங்கினார். ரெடி சார் அவரைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

மனிதக் கை படாத முதல் நூலகம் என்ற பலகை வாசலில் மாட்டியாகிவிட்டது. அதில் தவறென்று சொல்லிவிட முடியாது. கை எங்கும் படவில்லை. பலகையின் மூலையில் கல்லூரி முத்திரை வட்டமாக அழுந்தியிருக்கிறது.

மைத்துனர் மட்டும் தினமும் தவறாமல் வருகிறார். முன்பெல்லாம் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவர். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து, தேவையே இல்லாத ஏதோ ஒரு தடித்த புத்தகத்தை உருவிக்கொண்டு, பதிவு மேசையைத் திரும்பியும் பார்க்காமல் வாசலுக்கு வருகிறார். தூண்களுக்கு நடுவே வந்ததும் நடை தளர்கிறது.

"சாப்டாச்சா அத்தான்?" என்று அன்பாகக் கேட்கிறார்.

செய்தித்தாள் தாழவில்லை. அதன் பின்னாலிருந்து, மெதுவாக, வருகிறது.

"பீப்."